கேட்டோடு நின்ற சாலை

எங்கள் ஊருக்குப் போட்ட சாலை எங்கள் ஊருக்கு வரவில்லை. கந்தர்வக்கோட்டை போகும் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, முந்திரிக்காட்டுக்கு நடுவே வழவழவென்று வந்து, கல் உடைக்கும் கம்பெனியின் கேட்டைத் தொட்டதும் நின்றுவிட்டது. இரண்டு லாரிகள் உரசாமல் போகிற அகலம். நடுவில் வரிசையாக விளக்குக் கம்பங்கள், கம்பத்தைச் சுற்றி அரளிச் செடிகள். ஜல்லி ஏற்றிப் போகிற லாரிக்கு அரளிப்பூ எதற்கென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. முகப்பில் நட்டிருந்த பலகையில் ‘கிராம இணைப்புச் சாலை’ என்று எழுதியிருந்தது. கேட்டிலிருந்து எங்கள் கிராமம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் துண்டுக்கு மட்டும் நிதி இல்லையாம். இரண்டாம் கட்டத்தில் வருமாம்.

அந்தத் துண்டைக் கிண்டிக் கிழங்கெடுத்தது அதே கம்பெனி லாரிகள்தான். புது ரோடு வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடின. இப்போது மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் முழங்கால் ஆழக் குழி. மினி பஸ் கம்பெனி கேட் வரைக்கும் வந்து திரும்பிவிடும். ஆட்டோக்காரர்களும் அச்சு முறிந்துவிடும் என்று அங்கேயே இறக்கிவிடுவார்கள்.

மற்றவர்கள் திட்டிக்கொண்டே நடந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு இரண்டு நாள் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். திரும்பி வரும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. நாலு எட்டு வைப்பதும் உட்காருவதுமாக, அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தடவை குழியில் கால் மடங்கி விழுந்து, ஊசி குத்துகிற கையிலேயே அடிபட்டுவிட்டது. எனக்கு வேண்டியது அந்த ஒரு துண்டு ரோடு. அதற்கு மேல் இந்த அரசாங்கத்திடம் நான் எதையும் கேட்டதில்லை.

மனு மேல் மனு எழுதினோம். யூனியன் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்ததில் செருப்புதான் தேய்ந்தது. ஒவ்வொரு மனுவுக்கும் போனில் ஒரு மெசேஜ் வரும், ‘தங்கள் மனு ஏற்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது’ என்று. ஏற்றதும் தெரியவில்லை, முடித்ததும் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சாலையைத் திறந்துவைக்க மந்திரி வருகிறார் என்று செய்தி வந்தது. கேட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம் அளவுக்குப் பந்தல் போட்டார்கள். உள்ளே குளிர்காற்று விடும் மெஷின்கள், தரையில் சிவப்புக் கம்பளம், வாசலில் வாழைமரம். இரண்டு மணி நேர விழாவுக்கு இத்தனை. பந்தலுக்கு இருக்கிற காசு பள்ளத்தை மூட இல்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ஊரில் ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய தொண்டை. அவர்தான் ஊரைக் கூட்டி, மந்திரி வரும்போது ரோட்டோரம் நின்று கறுப்புக்கொடி காட்டுவது என்று முடிவெடுத்தார். நான் தையல்காரி. ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கிற கறுப்பு லைனிங் துணி என்னிடம் ஒரு கட்டு இருந்தது. அத்தனையையும் வெட்டினேன். கொடிக்கு எதற்கு ஓரம் அடிக்கிறாய், நேரமாகிறது என்று கண்டக்டர் அண்ணன் பறந்தார். பிசிறு தொங்குகிற துணியை என் மெஷின் வெளியே விடாது என்று சொல்லிவிட்டேன். நாற்பது கொடி, நாற்பதுக்கும் ஓரம் மடித்து இரட்டைத் தையல்.

வீட்டுக்காரரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து முன்வரிசையில் நிறுத்தலாம், மந்திரி கண்ணில் படட்டும் என்று எனக்கு ஒரு யோசனை. அவர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார்.

“என்னய வேடிக்கைப் பொருளாக்காத. நீ போ. போயி ரெண்டுபேருக்கும் சேத்துக் கத்திட்டு வா.”

கார்த்திகை மாசம், வானம் மூடிக்கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே போலீஸ் நின்றது. கொடிகளை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? கறுப்பாக இருந்ததெல்லாம் போனது. குடைகள் போயின. பக்கத்துவீட்டு அக்காவின் கறுப்புக் கைப்பை போனது. மாலை போட்டிருந்த ஒருவர் கறுப்பு வேட்டியில் வந்திருந்தார். “சாமி, கோவிச்சுக்காதீங்க, செத்த அங்கிட்டுப் போயிருங்க” என்று அவரைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், தூறலில் நனைந்த மேடை நாற்காலிகளை விழாக்காரர்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள், என் கொடிகளை வைத்து. ஓரம் அடித்த துணி, பிசிறில்லாமல் நன்றாகத்தான் துடைத்தது.

கொடி போனால் என்ன, குரல் இருக்கிறதே என்றார் கண்டக்டர் அண்ணன். மந்திரியின் வண்டி கிட்ட வந்ததும் அவர் ‘போடு ரோடு’ என்பார், நாங்கள் ‘ஊர்வரைக்கும் போடு’ என்போம், அதுதான் ஏற்பாடு. இரண்டு நாள் சொல்லிப் பார்த்திருந்தோம். முதல் வண்டி வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவது வண்டி வேகத்தைக் குறைத்து நேராக எங்கள் முன்னால் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு மந்திரியே இறங்கிவிட்டார்.

இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. வெள்ளை வேட்டியில், முகம் நிறையச் சிரிப்போடு, கல்யாண வீட்டு வாசலுக்கு வருகிறவர்போல வந்தார்.

“என்னம்மா, எல்லாரும் சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டோம்ங்க” என்றோம். அன்று நாங்கள் ஒரே குரலில் போட்ட கோஷம் அது ஒன்றுதான்.

கண்டக்டர் அண்ணனின் தோளில் கிடந்த துண்டு எப்போது கக்கத்துக்குப் போனது என்று அவருக்கே தெரியாது. காலையில் டீத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்த நான்தான் சாப்பிட்டேன் என்று முன்வரிசையில் நின்று சொன்னேன். வீடு தேடி வந்தவரை வாங்க என்று சொல்லிப் பழகிய வாய். பெரிய மனுஷன் எதிரே நின்றால் கும்பிட்டுப் பழகிய கை. எதிரியாகவே இருந்தாலும் சிரித்த முகத்தோடு கேட்டவனிடம் முகத்தைத் திருப்ப எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனுவைக் கொடுத்தோம். வாங்கிப் பின்னால் நின்றவரிடம் நீட்டிவிட்டு, “செஞ்சிருவோம்” என்றார். வண்டி போய்விட்டது. அப்புறம்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யாரும் கத்தவே இல்லையே என்று பக்கத்துவீட்டு அக்கா மெதுவாகச் சொன்னாள். எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டார். மனு கொடுத்தாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

பங்குனியில் அந்த மனுவுக்குப் பதில் வந்தது. இந்தத் தடவை மெசேஜ் இல்லை, தபால்காரர் கொண்டுவந்த பழுப்புக் கவர். மேற்படி சாலைப் பணியை ஊர்ப் பொதுமக்கள் திரண்டு வரவேற்றுள்ளனர், எஞ்சிய பகுதி இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும், இணைப்பு: புகைப்படம் ஒன்று. படத்தில் மந்திரிக்கு எதிரே முன்வரிசையில் நிற்கிறேன். இரண்டு கையையும் குவித்திருக்கிறேன். பல் தெரியச் சிரிப்பு வேறு. கொடி இல்லை, குடை இல்லை, கறுப்பு நூல்கூட இல்லை. பார்க்கிற யாரும் வரவேற்பு என்றுதான் சொல்வார்கள். என் கொடியைப் பிடுங்கியவர்கள்மேல் வந்த கோபத்தைவிட, அந்தச் சிரிப்பின்மேல் வந்த கோபம் பெரிது.

கட்டிலில் படுத்திருந்தவர் கை நீட்டினார். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. வாங்கி வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“நம்ம கல்யாண போட்டாவுலகூட நீ இப்புடிச் சிரிக்கல” என்றார்.

கேலிதான். முப்பது வருஷமாகக் கேட்கிற கேலி. ஆனால் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, டவுனிலேயே ஒரு ரூம் எடுத்துவிடுவோமா, எத்தனை நாளைக்கு உனக்கு இந்தப் பாடு என்று கேட்டார். அந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று கத்தினேன். மந்திரி முன்னால் வராத சத்தமெல்லாம் அப்போது வந்தது. அவன் போட்ட ரோட்டுக்கு நாம் வீட்டைக் காலி செய்வதா என்று கேட்டேன்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து மினி பஸ்ஸில் வந்து கேட்டில் இறங்கினோம். அவரால் நிற்கவே முடியவில்லை. கம்பெனி வாட்ச்மேன் வழக்கம்போல நாற்காலியிலிருந்து எழுந்து, “வணக்கம்மா, வாங்க” என்றார். நல்ல மனிதர். எத்தனையோ முறை அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்திருக்கிறோம். என் வலது கை தன்னால் மேலே வரப்பார்த்தது. வரவிடாமல் அதைக் கொண்டுபோய் என் வீட்டுக்காரரின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தார் முடிகிற இடத்திலிருந்து குழிக்குள் இறங்கினேன்.