தெல்தெனிய றோட்டு முருக்கு

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சகுனம் பாக்கிற பிள்ளைகளை வகுப்பில எழுப்பி வைச்சுக் கேள்வி கேக்கிறவள். மகளுக்குக் கலியாணம் எண்டு வந்தவுடன என்ட விஞ்ஞானம் எங்கயோ ஓடி ஒளிஞ்சிட்டுது.

கலியாணத்துக்கு முதல் நல்ல நேரம் பாத்து முற்றத்தில ஒரு முள்முருக்கந் தடி ஊண்டுவம். அதுதான் கன்னிக்கால். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்குமாம். என்ட கன்னிக்கால் இதே முற்றத்து மூலையில பட்டுப்போனது. மகளுக்கு ஆறு வயசில என்ட மனுசனும் செத்துப்போனார். ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சென்ன, நெஞ்சு கேக்க வேணுமே.

கண்டியில தேடின முருக்கெல்லாம் நோய். எள்ளிலும் சின்னக் குளவியொண்டு முட்டையிட, இலையெல்லாம் வீங்கிச் சுருண்டு கிடந்தது. வேற மரத் தடியும் ஊண்டலாம், பிழையில்லை எண்டார் ஐயர். நான் விடேல்லை.

ஒருநாள் தெல்தெனிய பஸ்ஸில போகேக்க றோட்டோரம் வரிசையா ஏழெட்டு முருக்கு. ஒரு இலையில மறு இல்லை. கொண்டக்டரோட சண்டை பிடிச்சு நடுவழியில இறங்கினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பாத்தால், அதே குளவி வந்து இருக்குது, நடக்குது. இலை பச்சைப் பசேலெண்டு தன்ட பாட்டில நிக்குது. என்ட தாயே எண்டு வாய் தானாச் சொல்லிச்சுது. இருபது வருஷமா நோயெதிர்ப்பு எண்டு கரும்பலகையில எழுதினனான். அதைக் கண்ணால கண்டது அண்டைக்குத்தான்.

அங்க கிளை வெட்டிக்கொண்டு நிண்ட மலையகத்துத் தொழிலாளி விளங்கப்படுத்தினார். இது ரெண்டு சாதி முருக்கு கலந்து வந்ததாம். பூக்குமாம், விதை வைக்காதாம்.

"கம்பு வெட்டி நட்டாத்தாங்க டீச்சர் உண்டு. இந்த வரிசை பூராவும் ஒரே மரம்தான்."

ஒரு கம்பை ஈரச் சாக்கில சுத்தித் தந்தார். அதே மூலையில ஊண்டினம். கலியாணம் முடிஞ்சு மகள் கொழும்புக்குப் போனாள். ஒவ்வொரு நாளும் போனில கேட்டாள், துளிர்த்திட்டுதோ எண்டு. தடி மொட்டையா நிண்டது. நாலாம் நாள் ஓம் எண்டு பொய் சொன்னன். படம் அனுப்பச் சொன்னாள். வேற வழி? திரும்பவும் பஸ் ஏறிப் போய், றோட்டு மரத்தின்ட கொழுந்தைப் படமெடுத்து அனுப்பினன்.

உடன போன் வந்தது. எங்கட முற்றத்தில எப்பயிருந்து பஸ் நிக்குது எண்டு கேட்டாள். எல்லாம் ஒரே மரம், அப்ப அது பொய்யில்லை எண்டு வாதாடினன். அதுக்கு மகள் சொன்னாள்:

"எனக்கு ஒரு பயமும் இல்லை அம்மா. நீங்கள் பயப்பிடுறியள் எண்டுதான் நெடுகக் கேட்டனான்."

அடுத்த கிழமை காலமை தண்ணி ஊத்தப் போனால், தடியில மூண்டு இடத்தில பச்சை முளை. படம் எடுக்கேல்லை. அவர் போனதில இருந்து இந்தத் தடி ஊண்டும் வரைக்கும் நான் எட்டியும் பாக்காத அந்த மூலையில குந்தியிருந்து, ஆசை தீர அழுதன்.