நாசி லெமாக் காகிதத்தில் வந்த சொல்

கிள்ளானில் லோரி ஓட்டுகிறேன். காலையில் வாங்கும் நாசி லெமாக் சோற்றைச் சுற்றிவரும், நான் கசக்கி எறியும் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டை எடுத்துப் பிரித்து, என் மனைவி கமலா தினமும் ஒரு புதுச் சொல் கற்பாள். அன்று முழுவதும் அதையே பேசுவாள்.

"எந்த வெள்ளைக்காரன் விருந்துக்கு வரான்?" என்று கிண்டலடிப்பேன்.

ஒரு மழைக்காலையில், லோரி எடுக்குமுன் இருமல் மருந்தை வாயருகே கொண்டுபோனேன். புட்டியைப் பார்த்த கமலா என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, குடிக்காதீங்க! 'டிரௌசி'னு போட்டிருக்கு. நேத்தெல்லாம் சொன்னேனே, அதே சொல்லு. கண்ணு சொக்கிடும் லா! லோரி ஓட்டணும்ல?"

இருமிக்கொண்டே ஓட்டினேன். ஈர நெடுஞ்சாலையில் அந்தச் சொல் எனக்கு முன்னே விளக்குப் பிடித்துச் சென்றது.

இப்போது பொட்டலத்தைப் பிரித்ததும் காகிதத்தை எறிவதில்லை. எண்ணெய் துடைத்து அவளிடம் நீட்டுகிறேன்.

"இன்னைக்கு என்ன சொல்லு, கமலா?"