பேச்சியம்மா சொல்லி அனுப்பிய சேதி

இருமிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு அடுத்தவள் கதை எதற்கு? மாத்திரையை விழுங்கினோமா, காற்று வரும்படி கதவைத் திறந்து வைத்தோமா என்று இருக்க வேண்டியதுதானே. அதை விட்டுவிட்டு, "எஸ்தரக்கா, நீங்க எப்படிப் பிழைச்சீக, சொல்லுங்க" என்று நச்சரிக்கிறீர்கள். பிழைத்ததைச் சொன்னால் பிழைத்த பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் தெரு ஆள் யாரும் இங்கே இல்லை; கேட்டே தீருவோம் என்றால் கேளுங்கள். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அங்கேதான் சிரித்தேன்.

விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவேன். ஒரு நாள் இருமிவிட்டு நிமிர்ந்தால், லேபிளில் இருந்த கிளிக்கு வாலும் சிவப்பாக இருந்தது. அச்சடித்தவன் குடித்திருப்பான் என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். இன்னொரு இருமல். அதிலும் சிவப்பு.

மிஷன் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கிற நோய்) என்றார்கள். டாக்டரம்மா என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. படுக்கை காலியானதும் சொல்லியனுப்புகிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

சாவுக்கு நான் பயப்படவில்லை. கர்த்தர் திரும்ப வருவார், எக்காளம் தொனிக்கும், கல்லறையில் கிடக்கிறவர்கள் எழும்புவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தப் படுக்கையில் அதைக் கல்யாண வீட்டு நகை மாதிரி போட்டு மினுக்கினேன். பார்க்க வந்தவர்களிடம், "நான் முந்திப் போறேன். அங்கன ஒங்க ஆளுகளுக்கு ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சனம் நிஜமாகவே வந்தது. ஒருத்தி, தன் அம்மியை விற்றுவிட்டதைச் செத்த மாமியாருக்குச் சொல்லச் சொன்னாள். ஒரு பெரியவர், வேலித் தகராறில் தன் பக்கம்தான் நியாயம் என்று செத்த தம்பிக்குச் சொல்லச் சொன்னார். சபையை நடத்துகிற உபதேசியார் கேள்விப்பட்டு வந்து கடிந்துகொண்டார். மரித்தவர்கள் கர்த்தருக்குள் தூங்குகிறார்கள், அந்த நாளில்தான் எல்லாரும் சேர்ந்து எழும்புவோம் என்று விளக்கினார். "நடுவுல தபாலாபீசு கிடையாது, எஸ்தரு" என்றார். நான் கேட்கவில்லை. இத்தனை பேர் என் கட்டிலைச் சுற்றி நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மத்தியானம் எதிர்வீட்டுப் பேச்சியம்மா வந்தாள். அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். போன தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் தீப்பிடித்தபோது அவள் மகள் மாரி போய்விட்டாள். பதினாலு வயது. பேச்சியம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, எம்புள்ளைய ஒங்க சாமி உள்ள விடுவாரா?"

"நான் சொன்னா விடுவாரு" என்றேன். கொஞ்சமும் கூசவில்லை.

அன்றைக்குக் காலையில் மாரி தலைவலி என்று படுத்துவிட்டாளாம். லோடு அனுப்புகிற நாள், ஆள் குறையக் கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம். பேச்சியம்மா விளக்குமாற்றால் நாலு போட்டு எழுப்பி அனுப்பியிருக்கிறாள். அவள் புருசன் மாடசாமி அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டதால் அவருக்கு இது தெரியாது. தானாகத்தான் மகள் போனாள் என்று இருக்கிறார்.

"'வலிச்சுதாட்டி'ன்னு ஆத்தா கேட்டான்னு சொல்லுக்கா. வேற ஒண்ணும் வேண்டாம்."

சரி என்றேன்.

பத்து நாளில் படுக்கை காலியானது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். இரண்டாம் மாதம் காதுக்குள் ஓயாமல் ஒரு சத்தம் கேட்டது. எக்காளமோ என்று எழுந்து உட்கார்ந்தேன். நர்ஸம்மா, "அது ஊசி செய்ற வேலை, படுங்க" என்றாள். இடது காது அதோடு போனது. இருமல் நின்றது, எடை ஏறியது. எட்டு மாதம் கழித்து நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

குழாயடியில் தெருவே கூடிவிட்டது. அம்மி விற்றவள் சிரித்துக்கொண்டே, "எங்க அத்தைக்குச் சொன்னது என்னாச்சுக்கா?" என்றாள். "விலாசம் தப்புன்னு எல்லாத் தபாலும் திரும்பி வந்திருச்சு" என்றேன். ஒரே சிரிப்பு. உயிரோடு வந்த சந்தோஷம், சிரிக்கிற கூட்டம் வேறு. நிறுத்த முடியவில்லை. ஒவ்வொன்றாக உறை பிரித்துப் படிப்பதுபோல் படித்தேன். அம்மி, வேலி. அடுத்து என் வாயிலிருந்து, "இது வெளக்குமாத்தால அடிச்சு வேலைக்கு அனுப்புனவ குடுத்தது" என்று வந்துவிட்டது.

பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதாகவும் இல்லை. மகளை வேலைக்கு அனுப்பி இழந்தவள் எங்கள் தெருவில் ஒருத்திதான். அவள் குடத்தோடு நின்றாள். மாடசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார்.

"நீ செத்துருவேன்னு நம்பித்தானக்கா ஒங்கிட்டச் சொன்னேன்" என்றாள் பேச்சியம்மா. குடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாடசாமி வெம்பக்கோட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. பேச்சியம்மா வீட்டில் அடுப்புப் புகையவில்லை. நான் உபதேசியாரிடம் போய் அழுதேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த நாள்ல அந்தப் பிள்ளையும் எந்திரிச்சு வரும். அது முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவே, எஸ்தரு?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சுகமானவள் என்று டாக்டரம்மா சீட்டு எழுதிவிட்டார். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப் போனதால் ஆலயத்தின் நாலாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறேன். முன்பு ஒவ்வொரு நாளும் கழிகையில், பரலோக வீட்டுக்கு ஒரு நாள் நெருங்கிவிட்டோம் என்று இருக்கும். ஆண்டவரே, சீக்கிரம் வாரும் என்று சபையார் ஜெபிக்கும்போது என் சத்தம்தான் மேலே கேட்கும். இப்போது வாயை மட்டும் அசைக்கிறேன். உள்ளுக்குள், இன்றைக்கு வேண்டாம், ஆண்டவரே, இன்னும் கொஞ்ச நாள் என்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது வராத நடுக்கம், சுகமான உடம்புக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடசாமி தன் துணிமணியை எடுக்க வந்தார். தெருப் பெண்கள் பேச்சியம்மா வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள். நான் எழுந்து போனேன்.

"பேச்சி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. தலைக்கேறுன காய்ச்சல்ல நானாக் கட்டுன கதை அது. என் வாய்தான் ஒங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

ஒருத்தி காறித் துப்பினாள். சாகக் கிடக்கையிலும் பொய்யா, நீயெல்லாம் வேதக்காரியா என்று கேட்டாள். இருக்கட்டும் என்று நின்றேன். பேச்சியம்மா கதவுக்குப் பின்னால் இருந்து என்னையே பார்த்தாள்.

மாடசாமி துணிப்பையைக் கீழே வைத்தார். "அப்பம் எம்புள்ள அன்னைக்கு எப்படிப் போச்சு? நீங்க எதிர்வீடுதானே, பார்த்தீகளா?"

"பார்த்தேன். சிரிச்சுக்கிட்டேதான் போச்சு" என்றேன்.