நிமிடத்துக்கு எழுபது சொல்

நரின் நகரப் பள்ளியில் சூராகான் முப்பத்தொரு வருடமாக முதல் வகுப்பு டீச்சர். வருடம் இருமுறை ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்கார்ந்து, பிள்ளைகள் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறார்கள் என்று எண்ணுவது அங்கே வழக்கம். நிறைய வந்தால் ஐந்துக்கு ஐந்து, மறுகேள்வி கிடையாது. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் அவளுக்கு அந்தக் கணக்கின்மேல் சந்தேகமே வந்தது. அதுவரை அவளும் சேர்ந்துதான் எண்ணினாள்.

இந்த வருடம் நுர்சாதா என்ற பெண் அரிச்சுவடிப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். ராத்திரி பகலாகக் காவியம் சொல்பவர்களைக் கொண்டாடுகிற மண், நினைவாற்றல் உள்ள பிள்ளை என்றால் கேட்கவா வேண்டும்? சூராகான் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத நாலு சொற்களை எழுதி நீட்டினாள். குழந்தை எழுத்தைப் பார்க்கவில்லை, டீச்சரின் வாயைப் பார்த்தது.

இப்போதே தனியாக எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தால் கரையேறிவிடுவாள். விட்டால், மந்தப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். தனிவகுப்புக்குத் தாயின் கையெழுத்து வேண்டும். தாய் கனிஷாய் சூராகானிடமே படித்தவள். பிள்ளைகள் அரிச்சுவடி முடித்ததைக் கொண்டாடும் விழாவுக்குப் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தவளை, டீச்சர் ஓரமாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

“எம் பொண்ணு மக்குன்னு சொல்றீங்களா? தலைநகருக்குப் போயிட்டு ஊர்ல இல்லாத வியாதியெல்லாம் மூட்டை கட்டிட்டு வந்திருக்கீங்க!”

“மக்கு இல்லம்மா, கெட்டிக்காரி. அதனாலதான் இத்தனை நாள் யாருக்கும் தெரியல. இந்தச் சம்மதத் தாளைப் படிச்சுப் பாரு, அப்புறம் திட்டு.”

கனிஷாய் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் கண்ணை ஓட்டினாள்.

“படிச்சிட்டேன்.”

“தனிவகுப்புக்கு ரெண்டு கிழமை போட்டிருக்கே, உனக்கு எது தோது?”

மகளைப் போலவே அவளும் டீச்சரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூராகான் குரலைத் தாழ்த்தினாள். “எப்பலேர்ந்து கனிஷாய்?”

“உங்க வகுப்புலேர்ந்தேதான். எங்கக்கா வாசிக்கிறதக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வருவேன். நிமிஷத்துக்கு எழுபது சொல்லுன்னு எழுதினீங்க. எல்லாரையும் கைதட்டச் சொன்னீங்க.”

இருபது வருடம். சூராகான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். கனிஷாய் கடைசிவரை கேட்டுவிட்டு, மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே விழா ஆரம்பித்துவிட்டது. நுர்சாதா மேடை ஏறி, தன் பாட்டைப் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர்,” என்றாள் கனிஷாய், “இவளுக்காவது கைதட்டிடாதீங்க.”