கட்டில் விரிப்பில் தைத்த மண்மூட்டைகள்

“புனிதம், அது படுக்கை விரிப்பு இல்லையடி, மண்மூட்டை. கண் இருந்தால் வடிவாப் பார்!”

குடிதண்ணீர்ப் பவுசர் வண்டிக்கு வரிசையில் நின்றபோது வந்த சண்டை இது. என் குடம் நாலாவது, பக்கத்து வீட்டுப் புனிதத்தின் குடம் ஐந்தாவது. அவள் கையிலிருந்த போனில் என் மருமகள் டக்சாயினியின் படம்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா, படம்தான் சொல்லுது. வெள்ளை விரிப்பு, சுத்திவர ஆம்பிளையள், நடுவிலை உங்கட மருமோள். சிரிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறா.”

“சாகாமல் தப்பினால் சிரிக்காமல்? நீ அழுவியோ?”

“எங்கட மனுசனும் வெளிநாட்டிலை இருந்தவர்தானே. அவற்ர படம் இப்பிடி ஒண்டும் வரேல்லை.”

“உன்ர மனுசன்ர படம் வரேல்லைத்தான். காசும் வரேல்லை.”

வரிசையே சிரித்தது. புனிதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டாள். ஆனால் படம் போனுக்குப் போன் போய்க்கொண்டுதான் இருந்தது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனால் வாயால் சொல்கிறேன். இந்த ஊரில் ஒருவராவது இதை முழுக்கக் கேட்கவேண்டும்.

டக்சாயினி எங்கேயோ இருந்து வந்தவள் அல்ல. இந்தக் கடற்கரைப் பிள்ளை. தகப்பன் பஸ்தியாம்பிள்ளை கரைவலைக்காரர். இங்கே கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் அவளுக்குப் பதின்மூன்று வயது. மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் தகப்பனும் மகளுமாகப் பதுங்கி இருக்க ஒன்பது பங்கர் வெட்டினார்கள். முழங்கையை மடித்த மாதிரி ஒரு வளைவு விட்டு வெட்டவேண்டும். நேராக வெட்டினால் வாசலில் விழுந்து வெடிக்கிற செல்லின் துண்டு உள்ளே இருக்கிறவர்களைத் தேடி வரும். மண்மூட்டைக்கு உரப்பை முடிந்தபோது தாயின் கூறைச் சேலையை வெட்டித் தைத்தவள் அவள். என் கூறையும் அப்படித்தான் போனது. புனிதத்தின் கூறையும்தான். ஒன்பதாவது பங்கரை வெட்டிக்கொண்டிருக்கும்போது செல் பட்டுப் பஸ்தியாம்பிள்ளை போய்விட்டார். மிச்சத்தை அவள் வெட்டினாள். நானும் அதற்குள்தான் இருந்தேன்.

என் மகன் றஜித்தைக் கட்டிப் பிள்ளையும் பிறந்த பிறகு கடல் எங்களைக் கைவிட்டது. பெரிய படகுகள் மீனை அரித்துக்கொண்டு போன பிறகு மிஞ்சியதை வாரினால் மண்ணெண்ணெய்க்கே காணாது. எங்கள் படகின் எஞ்சின் பழுதாகிக் கரையில் கிடந்தது. றஜித் மற்றவர்களுடைய படகில் கூலிக்குப் போனான்.

“பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ மாமி. ரண்டு வருசம்தானே” என்றுவிட்டு அவள் வெளிநாடு போனாள்.

அது வளைகுடாவில் ஓர் எண்ணெய்த் துறைமுகம். பெயர் என் வாயில் நுழையாது. கப்பலால் இறங்குகிற மாலுமிகள் தங்கும் விடுதியில் அவளுக்கு வேலை. ஒரு நாளைக்கு நாற்பது கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, கழுவி, இஸ்திரி போட்டு மடிக்கவேண்டும். முதல் வருசம் சம்பளம் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு அங்கேயும் சண்டை தொடங்கிவிட்டது.

கப்பல்கள் தூரத்தில் நின்றன, உள்ளே வரவில்லை. மாலுமி இல்லை, அழுக்கு விரிப்பு இல்லை, ஆகவே பாதிச் சம்பளம் என்றார்கள். சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரும் கப்பலும் வராததால் வெங்காயம் மூன்று மடங்கு விலை. வேலையாட்களுக்கு இரண்டு நேரமும் பருப்பும் ரொட்டியும். பெரிய உத்தியோகக்காரரின் குடும்பங்களை முதல் கிழமையே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேலையாட்களின் பாஸ்போட் கம்பனி அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டவர்களுக்கு, துறைமுக வேலை நிற்கக்கூடாது, லீவு இல்லை என்று பதில் வந்தது. சம்பளம் கேட்டால் வேலை இல்லை, லீவு கேட்டால் வேலை இருந்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மேற்பார்வை பார்த்தவர் தமிழ்நாட்டுக்காரர். அவரிடம் இவள் கேட்டிருக்கிறாள்.

“சேர், சைரன் அடிச்சால் நாங்கள் எங்கை போறது? எங்களுக்குப் பங்கர் எங்கை?”

“பங்கரா? அதெல்லாம் ஆபீஸ்காரங்களுக்கும்மா. நீங்க கட்டிலுக்குக் கீழ படுத்துக்கோங்க.”

“சுத்திவரக் கண்ணாடி சேர்.”

“அப்போ கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துக்கோங்க.”

அவர் பகிடிதான் விட்டார். ஆனால் அவள் காது எங்கள் காது. சத்தம் வருகிறதா போகிறதா என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். மற்றவர்கள் வானத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். இவள் வெள்ளிக்கிழமை லீவு நாளில், வெயில் ஏறமுதல், சலவை அறைக்குப் பின்னால் வெட்டத் தொடங்கிவிட்டாள்.

எண்ணெய்த் துறைமுகத்தில் யாரும் நிலத்தைத் தோண்டக்கூடாது. கீழே குழாய் ஓடும். அது அவளுக்கும் தெரியும். குழாய் ஓடாத பக்கமாகப் பார்த்துத்தான் வெட்டினேன் என்றாள். வேறு எந்த நாட்டுக்காரரும் அங்கே மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்குச் செல் சத்தம் கேட்டால் கை சும்மா இராது. முதலில் இரண்டு நேபாளக்காரர் உதவிக்கு வந்தார்கள். பிறகு எங்கள் ஊர்ப் பிரசாந்தன் வந்தான். அவன் அங்கே குழாய்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். உரப்பைக்கு எங்கே போவது? அலுமாரி நிறைய விரிப்புகள், படுக்க ஆள் இல்லாமல் மடித்தபடி இருந்தன. நாற்பத்தெட்டு விரிப்பை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, மண் நிரப்பி அடுக்கினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்து எண்ணெய்த் தாங்கியில் குண்டு விழுந்தது. விடுதிக் கண்ணாடி முழுவதும் கட்டில்களின் மேல் கொட்டிக் கிடந்ததாம், கீழேயும்தான். பங்கருக்குள் பதினொரு பேர். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த நேபாளப் பெடியன் ஒருவன் சத்தத்துக்கு எழும்பி வெளியே ஓடப் பார்த்திருக்கிறான். முதல் தடவை பங்கருக்குள் இருக்கிறவர்கள் அப்படித்தான் ஓடுவார்கள். ஓடினால் முடிந்தது. அவள் அவன் கையைப் பிடித்து இருத்தி வைத்திருந்தாள்.

சத்தம் நின்றதும் பிரசாந்தன் எடுத்ததுதான் அந்தப் படம். ஊரில் இருக்கும் தன் மனைவி ரஜிதாவுக்கு அனுப்பி, “எங்கட டக்சாயினி வெட்டின பங்கர். பாரப்பா, உயிரோட இருக்கிறம்” என்று குரலும் அனுப்பினான். அன்று பின்னேரமே, சண்டைப் படம் அனுப்புகிறவன் மறியலில் அடைபடுவான் என்று அறிவித்தல் வந்தது. அவன் பயந்து எல்லாவற்றையும் அழித்தான். குரல் அழிந்தது. படம் அதற்குள் ரஜிதாவின் போனிலிருந்து ஊருக்குள் இறங்கிவிட்டது.

கம்பனி டக்சாயினியை வேலையால் நிறுத்தியது. நிலத்தைத் தோண்டியது ஒரு குற்றம், விரிப்புகளை வெட்டியது இன்னொரு குற்றம். விரிப்பின் விலை என்று கடைசிச் சம்பளத்தையும் வைத்துக்கொண்டு விமானம் ஏற்றிவிட்டார்கள். பங்கரை மட்டும் மூடவில்லையாம். அதற்கு மேல் தகரம் போட்டு, பிறகு மேற்பார்வைக்காரர்தான் அதற்குள் இருந்தாராம்.

ஒரு பையோடு வந்து இறங்கினாள். அவளுக்கு முன்னமே படம் வந்து சேர்ந்திருந்தது. கோயிலில் அவள் இருந்த மர வாங்கில் மற்றப் பெண்கள் தள்ளித் தள்ளி இருந்தார்கள். றஜித் வீட்டில் படுக்காமல், வலை வைக்கும் வாடியிலேயே படுத்தான்.

“சும்மா முகத்தைத் தூக்காதை. பிரசாந்தனைக் கேள்” என்று நான்தான் அவனைப் பிடித்து இருத்திப் போன் எடுக்க வைத்தேன்.

“மச்சான், அந்தப் படம்...” என்று தொடங்கினான் றஜித்.

“எந்தப் படம்? நான் ஒரு படமும் எடுக்கேல்லை.”

“பங்கருக்குள்ளை எடுத்தது.”

“டேய், போனிலை இதுகளைக் கதையாதை. என்ர வேலை போயிடும். பிள்ளையள் இருக்கு.”

அதோடு வைத்துவிட்டான். பாவம், அவனும் பாஸ்போட்டைப் பூட்டக் கொடுத்தவன் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவள் வெட்டிய மண்ணுக்குள் இருந்து தப்பியவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் அவனை மன்னிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் றஜித் குசினிக்கு வந்தான். டக்சாயினி பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் அந்தப் படத்தோடு போனை மேசையில் வைத்தான்.

“இவன் ஆர்?”

“நேபாளக்காரன்.”

“பேர்?”

“தெரியாது.”

“பேர் தெரியாதவன்ர கையையோ பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்?”

“வெளியிலை ஓடப் பாத்தவன். பிடிச்சு இருத்தினனான்.” அவனோடு கதைத்துப் பயனில்லை என்று நினைத்தாளோ என்னவோ, என் பக்கம் திரும்பினாள். “மாமி, நீங்கள் சொல்லுங்கோ.”

ஊரோடு கத்திச் சண்டை பிடித்த வாய் இது. ஓம் மகன், அப்பிடித்தான் பிடிக்கவேணும் என்று ஒரு சொல் போதும். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கை மட்டும் விடவில்லை.

“பிடிச்சது சரி பிள்ளை” என்றேன். “சத்தம் நிண்ட பிறகு விட்டிருக்கலாமே.”

அவள் பிள்ளையின் பின்னலை முடித்து றிபனைக் கட்டினாள். அறைக்குள் போனாள். வவுனியாவில் தையல் தொழிற்சாலையில் அவளோடு படித்தவள் ஒருத்தி வேலை செய்கிறாள், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பையோடு வெளியே வந்தபோது றஜித் கடல் பக்கம் போய்விட்டிருந்தான்.

“பிள்ளை, தேத்தண்ணி ஆறப்போகுது” என்றேன்.

“அவையளை விடுங்கோ மாமி, அவைக்குக் கதைக்க ஒண்டு வேணும். நீங்கள் என்னோட ஒரே பங்கருக்குள்ளை இருந்தனீங்கள்.”

பேத்தி, பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டாள். இண்டைக்கு இல்லை என்றாள் தாய். பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டி, அவள் கையைப் பிடித்து, முற்றத்தைக் கடந்து, முல்லைத்தீவு பஸ் வருகிற றோட்டுக்குத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.