பதினேழு கிலோவில் நின்ற கை

1998ஆம் ஆண்டு, இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். ஒரு மழை நாளில் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தார்கள். பிரித்ததும் என் கையைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. முருங்கைக்காய் மாதிரி இருந்தது. தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியவில்லை.

தோட்டத்தில் என்னைத் தவறணைக்கு, அதாவது நாற்றுமேடைக்கு, அனுப்பினார்கள். தேயிலைக் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்புகிற லேசான வேலை. அதுவும் மூன்று மாதத்திற்குத்தான். அதற்குள் கொழுந்துக்குத் திரும்பாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவோம் என்று தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை சொல்லிவிட்டார். என் கணவர் மாணிக்கக் குழியில் கூலிக்குப் போகிறவர், தோட்டத்தில் பேர் இல்லாதவர். நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை, என் பேரில்தான் இருந்தது. பேர் போனால் காம்பராவும் போகும். இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது?

திரும்ப எடுப்பதற்கு சின்னத்துரை ஒரு நிபந்தனையும் வைத்தார். இருபது கிலோ சாக்கை நானே தூக்கி, ஏற்றத்தில் ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசின் கொக்கியில் யார் உதவியும் இல்லாமல் மாட்ட வேண்டும். கொக்கியோ என் நெஞ்சு உயரத்தில் தொங்கும்.

மாவுக்கட்டு பிரித்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன ஒரே விஷயம், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டுங்கள், ஒரு நாளும் விடாதீர்கள் என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டேன். காலி பால்மா டின்னில் மணலைப் போட்டு மூடி, சோறு வேகும் நேரத்தில் தூக்கி இறக்குவேன். பழைய சைக்கிள் டியூப்பை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பேன். சுவரில் கையை ஊன்றித் தள்ளுவேன். பிறகு சுவரை விட்டுப் படிக்கட்டுக்கு வந்தேன், கடைசியில் தரைக்கே வந்துவிட்டேன். துவைத்த துணியை எல்லாம் வலது கையாலேயே பிழிந்தேன். சாப்பாட்டுக்கு இறைச்சி வாங்க வசதி ஏது? ஊறவைத்த கடலை, நெத்தலி, முருங்கைக்கீரை, அவித்த பலாக்கொட்டை, கோழி மனசு வைத்தால் ஒரு முட்டை.

லயத்தில் எல்லோருக்கும் நான் நல்ல பொழுதுபோக்கு. "பயில்வான் எந்திரிச்சாச்சா?" என்று பக்கத்துக் காம்பராப் பெண் தினமும் காலையில் கேட்பாள். என் கணவரும் லேசுப்பட்டவர் இல்லை. "இந்தா புள்ள, கை சரியானதும் மொதல்ல என்னைத்தான் அடிப்ப போலருக்கு" என்பார். ஆனால் ஓடையிலிருந்து மணல் அள்ளிவந்து கொடுத்ததும் அவர்தான்.

ஒரு மாதத்தில் டின்னை விட்டு உரச்சாக்குக்கு வந்தேன். சாக்கில் மணல் கட்டி, சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு மடுவத்திற்குக் கொண்டுபோவேன். கொழுந்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே நிறுத்துச் சொல்வார். தோட்டத்தில் வேறு தராசு கிடையாது. ஒன்பது கிலோ, பன்னிரண்டு, பதினைந்து என்று வாரா வாரம் ஏறியது. பதினேழுக்கு வந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

அதற்கு மேல் ஒரு படி மணல் போட்டாலும் சாக்கு கொக்கிக்கு ஏறவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். கெடு முடிய ஐந்தே நாள் இருந்தது. என் கையை நான் திட்டாத திட்டு இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் கையை இடது கையால் அடித்துக்கூட இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுக்குச் சேர்த்து அரிசி வாங்க நானும் கணவரும் பெல்மதுளைக்குப் போனோம். கடை முதலாளி சிங்களவர், அதற்கு முன்பு நாங்கள் போகாத கடை. இருபது கிலோ, இருபது கிலோவாகக் கட்டி அடுக்கியிருந்தார். கணவர் சில்லறை எடுப்பதற்குள் நான் ஒரு மூட்டையைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டேன். வைத்த உடனே தெரிந்துவிட்டது. மூன்று வாரமாகத் தினமும் தூக்குகிற பாரம்தானே, எனக்குத் தெரியாதா? இது பதினேழு. மூன்று கிலோ அரிசியை விழுங்கிவிட்டு இருபது என்று விற்கிறான் மனுஷன்.

"மேக்க அடுய் முதலாளி" என்று, எடை குறைகிறது என்பதைக் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்திலேயே சொன்னேன். கணவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். எனக்குக் கோபம் வந்தால் இழுத்தாலும் நிற்க மாட்டேன். தோட்டத்து ஆட்கள் என்றால் ஏமாற்றலாம் என்று நினைப்பா என்றும் கேட்டுவிட்டேன்.

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "எஹெனம் பலமு" என்றார். அப்படியென்றால் பார்த்துவிடுவோம். தட்டுத் தராசைக் கடை நடுவே இழுத்துவைத்து, ஒரு தட்டில் மூட்டையையும் மறு தட்டில் அரசாங்க முத்திரை குத்திய இரண்டு பத்துக் கிலோ இரும்புப் படிக்கல்லையும் வைத்தார். தராசு ஆடி ஆடி நேராக நின்றது. சரியாக இருபது.

நான் வெட்கத்தில் கூனிப்போனேன். மன்னிப்புக் கேட்கும்போதே ஏன் அப்படி நினைத்தேன் என்பதையும் சொன்னேன். கை உடைந்தது, மணல் சாக்கு, மடுவத்துத் தராசு, பதினேழு எல்லாம் சொன்னேன். முதலாளி கடைசிவரை கேட்டார். பிறகு அந்த இரண்டு கல்லையும் என் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கினேன். என் மணல் சாக்கின் அதே பாரம்.

"நங்கி, உன் கை சரி. தோட்டத்துத் தராசைப் பார்" என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும், தங்கச்சியிடம் சொல்வதுபோல் சொன்னார். ஊர் பேர் தெரியாத, சற்று முன் அவரைத் திருடன் என்று சொன்ன என்னிடம், ஒரு வாரம் வைத்திருந்து கொண்டுவா என்று அந்தக் கற்களையும் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டிப் பிடியின் நடுவில் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டோம். ஒரு முனையில் என் மணல் சாக்கு, மறு முனையில் படிக்கற்கள். பிடி நேராக நின்றது. கணவர் சிரிக்கவில்லை.

"பேசாம கணக்கப்பிள்ளைகிட்ட தனியா சொல்லிருவோம்" என்றார். "வம்ப வெலைக்கு வாங்காத. காம்பரா போயிரும்."

"தனியா சொன்னா தனியாவே மூடிருவாங்க" என்றேன். "எல்லாரும் நிக்கும்போதுதாங்க சொல்லணும்."

வாய்தான் அப்படிப் பேசியது. மனது வேறு கணக்குப் போட்டது. தராசு பதினேழு காட்டினால் நான் தோற்றதாக எழுதிவிடுவார்கள். கல்லை அவர்கள் நம்பாமல் போனால் எல்லாம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை, பகல் நிறுப்பு. பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். சின்னத்துரையும் வந்திருந்தார். நான் இரண்டு கற்களையும் இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் சுற்றிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, கீழ் ரோட்டிலிருந்து தூக்கினேன். ஏற்றம் நெடுகிலும் ஓரிடத்திலும் இறக்கிவைக்கவில்லை. மடுவத்திற்கு வந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே தூக்கில் கொக்கியில் மாட்டினேன். வரிசையில் யாரோ "அடி ஆத்தி" என்றார்கள்.

கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். "பதினேழு. மூணு கொறையுதும்மா."

சின்னத்துரை புத்தகத்தைத் திறந்தார். நான் சாக்கை இறக்கி, கட்டை அவிழ்த்து, இரண்டு கல்லையும் அவர் காலடியில் வைத்தேன்.

"தொரை, இது ரெண்டும் பத்துப் பத்துக் கிலோ படிக்கல்லுங்க. முத்திரை இருக்கு, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார். கற்களைத் திரும்பச் சாக்கில் போட்டுத் தன் கையாலேயே கொக்கியில் மாட்டினார். தூக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. முள் பதினேழில் நின்றது.

எல்லோரும் முள்ளை எட்டிப் பார்த்தார்கள். அப்போது என்னைப் பயில்வான் என்று தினமும் கேலி செய்கிற அந்தப் பக்கத்துக் காம்பராப் பெண் வரிசையிலிருந்து கேட்டாள்.

"அப்ப நேத்து நான் பறிச்ச பதினெட்டு எத்தனைங்க ஐயா?"

நிறுவையைப் பார்த்துத்தானே எங்களுக்குக் கூலி; அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் கேட்க ஆரம்பித்தாள். ஒரு பெண்கூட கொழுந்தைத் தராசில் மாட்டவில்லை. தொழிற்சாலையிலிருந்து வேறு தராசு வந்து, என் கற்களைத் தொங்கவிட்டு இருபது காட்டிய பிறகுதான் அன்றைய நிறுப்பு நடந்தது. பழைய தராசு அப்படி எத்தனை நாளாக இருந்தது, தானாகக் கெட்டதா, யாராவது கெடுத்தார்களா என்பது இன்றுவரை தெரியாது. தனக்கும் தெரியாது என்றார் கணக்கப்பிள்ளை. நான் பாதிதான் நம்பினேன்.

சின்னத்துரை புத்தகத்தில் என் பேருக்கு நேரே கொழுந்து என்று எழுதியதை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். லயத்துக்குத் திரும்பும்போது சாக்கைத் தூக்கக்கூட அந்தப் பெண்கள் என்னை விடவில்லை. கற்களை ஆளுக்கொருத்தியாக மாற்றி மாற்றிச் சுமந்து, தங்கள் கைக்கும் பலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

காம்பரா தங்கியது, பேரும் தங்கியது. ஆனால் அந்த மூன்று வாரம் ஒரு பாவமும் செய்யாத என் கையை நான் அடித்ததை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது; அதனால்தான் உன் பலம் இவ்வளவுதான் என்று யார் வந்து சொன்னாலும், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்காமல் நான் நம்புவதில்லை.