சரித்திரம் சாரும் சுவரில் இருந்த கல்லும்

சேர்க்கைப் படிவத்துக்காக ஜன்னலுக்குள் கை நீட்டியபடி நிற்கிறார் ஒரு தாய். ஜன்னலுக்குள் இருப்பவர் இன்னும் படிவத்தைக் கொடுக்கவில்லை. பள்ளியின் கதையில் இப்போதுதான் தகரக் கொட்டகை வரை வந்திருக்கிறார். "பதினோரு புள்ளைங்க, ஒரே ஒரு சிஸ்டர். கரும்பலகை ஏதும்மா? கதவைக் கழட்டி அதுலதான் எழுதினாங்க!" கதவுக்குப் பிறகு வெள்ளம், வெள்ளத்துக்குப் பிறகு ஓட்டுக் கட்டிடம். அதற்குள் சேர்க்க வந்த பிள்ளை தாயின் தோளில் தூங்கிவிடும்.

புறநகர்க் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் எழுத்தர் அவர். எல்லோருக்கும் 'சரித்திரம் சார்'. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேசை முழுக்க அதையே தேடுவார். செபத்துக்கு மணி அடித்தாலும் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார். பள்ளி தொடங்கிய வருஷம் பதிவேட்டில் இருந்தது. நாள்தான் யாருக்கும் தெரியாது. அதை இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் பின்முற்றத்துச் சுவரில் இருந்த ஒரு கல்லில் கண்டுபிடித்தவர் அவரே. 'ஆயர் அர்ச்சித்த நாள்' என்று, பிஷப் வந்து ஆசீர்வதித்த தேதியும் மாதமும் மட்டும் இருந்தன; வருஷம் இல்லை. அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்த நாளில் திருப்பலி, மிட்டாய், அரை நாள் விடுமுறை.

இந்த வருஷம் பவள விழா. விழா மலரின் முதல் பக்கம் அவருடையது. முதல்முறையாகப் பெயர் அச்சில் வரப்போகிறது என்று மனிதர் தலைகால் புரியாமல் திரிந்தார். படம் எடுப்பதற்காகக் கல்லைத் தானே தேய்த்தார். சுண்ணாம்பு உரிந்து, தேதிக்குக் கீழே இன்னொரு வரி வெளியே வந்தது: 'சிறுவர் கழிவறை.'

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே தலைமையாசிரியையிடம் போனார். "சிஸ்டர், இத்தனை வருஷமா நாம கக்கூஸுக்குப் பொறந்தநாள் கொண்டாடியிருக்கோம்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "அப்போ பள்ளிக்கூடத்தோட நாள் எது?" என்றார்.

"தெரியாது சிஸ்டர்." அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அந்த அறை முதல்முறையாகக் கேட்டது.

"நாளைக்கு மலர் அச்சுக்குப் போகுது. பேசாம விட்டுடுவோமா? யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று சரித்திரம் சாருக்குத் தெரியும். ஊரே சிரிக்கும். படிவம் வாங்க வருகிறவர்கள்கூட இனி நின்று கேட்கமாட்டார்கள். "கீழ என் பேரைப் போட்டுக்கிட்டுப் பொய் எழுத வராது சிஸ்டர்," என்றார்.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். விழாவன்று பிள்ளைகள் வரிசையாக நிற்க, பங்குத்தந்தை வழக்கம்போல அந்தக் கல்லுக்கு நேரே புனித நீர் தெளிக்கக் கையை ஓங்கினார். சரித்திரம் சார் முன்னால் வந்து, பங்குத்தந்தையின் முழங்கையை மெல்லப் பிடித்து, மரியாதையாக அதே சுவரில் இருந்த கழிவறைக் கதவின் பக்கம் திருப்பிவிட்டார்.